ஆற்றங்கரைக் காவல்: டி.என்.ஏவைப் பழுதுபார்க்கும் புரதங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசன் காலத்தில் வெட்டிய எழுத்துகளை இன்றும் விரலால் தடவிப் படிக்கலாம். கோயில் முடிந்த 1010-ஆம் ஆண்டிலிருந்து ஆயிரம் மழைக்காலங்கள் கடந்தும் கல்லில் எழுத்து நிற்கிறது. அங்கிருந்து வடக்கே சற்றுத் தூரம் போனால் வெண்ணாற்றங்கரை. அந்தக் கரையும் தலைமுறை தலைமுறையாக நிற்பதுதான். ஆனால் நிற்கும் விதம் வேறு. மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாரி, கரையில் நண்டு வளைகளை அடைத்து, இளகிய இடத்தில் மண் வெட்டிப் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்துகிறவர்கள் இருப்பதால்தான் அது கரையாக இருக்கிறது. ஓர் ஆண்டு கைவிட்டால், ஐப்பசி மழையில் எந்த இடம் உடையும் என்று சொல்ல முடியாது.

டி.என்.ஏவைப் பற்றி நம் ஊர்களில் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கல்யாணப் பந்தலில் ஒருவர், "அது அவர்கள் டி.என்.ஏவிலேயே இருக்கிறது, மாறாது" என்கிறார். அதே பந்தியில் இன்னொருவர், கைப்பேசியால் டி.என்.ஏ கெட்டுப்போவதாகவும் ஏதோ ஒரு சாற்றைக் குடித்தால் அது சரியாகிவிடுவதாகவும் சொல்கிறார். முன்னவர் அதைக் கல்வெட்டாக நினைக்கிறார். பின்னவர் ஒருமுறை விரிசல் விட்டால் தீர்ந்துபோகும் பானையாக நினைக்கிறார். இரண்டு எண்ணத்திலும் விடுபடுவது ஒன்றே: டி.என்.ஏ என்பது நாள்தோறும் சேதமடைந்து, நாள்தோறும் பழுதுபார்க்கப்பட்டு நிற்கும் பொருள். உயிரியல் பாடம் நடத்திய ஆண்டுகளில் மாணவர்களிடம் மட்டுமன்றி அவர்களுடைய பெற்றோரிடமும் இதை நான் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கத்தையே இங்கே முறைப்படுத்தி எழுதுகிறேன்.

இரட்டை ஓலையும் எதுகையும்

நம் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லின் உள்ளேயும், உட்கரு என்ற சிறு அறையில், டி.என்.ஏ எனப்படும் நீண்ட இழை இருக்கிறது. மனிதச் செல் ஒன்றில் உள்ள இழைகளை எல்லாம் நேராக நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் சுமார் 2 மீட்டர் வரும். அவை 46 துண்டுகளாகச் சுருட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். இந்த இழைகளில் எழுதப்பட்டிருக்கும் செய்தி முழுவதையும் சேர்த்து மரபணுத்தொகுதி என்கிறோம். அதில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய பகுதி மரபணு. புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். ஆனால் செல்லுக்குள் புரதங்கள் என்பவை கருவிகளும் வேலையாட்களும் ஆகும். அவற்றுள் ஒரு வேதிவினையை விரைவாக நடத்தித் தருபவற்றுக்கு நொதி என்று பெயர்.

டி.என்.ஏவின் எழுத்துகள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். டி.என்.ஏ ஒற்றை இழையன்று. ஒன்றையொன்று தழுவி முறுக்கிய இரண்டு இழைகள். இந்த வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படங்கள் அதற்குப் பெரிதும் துணைநின்றன. இரண்டு இழைகளுக்கும் நடுவே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஓர் இழையில் அடினைன் இருந்தால் எதிரிழையில் தைமின்தான் இருக்கும். குவானைன் இருந்தால் சைட்டோசின்தான் இருக்கும்.

செய்யுள் படித்தவர்களுக்கு இது புதிதன்று. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை எதுகை என்கிறோம். ஓரடி "மண்ணில்" என்று தொடங்க, அடுத்த அடியின் முதற்சொல்லில் பூச்சி அரித்து "க", ஒரு துளை, "ணில்" என்று மட்டும் மிஞ்சியிருந்தால், அந்தத் துளையில் இருந்த எழுத்து "ண்" என்று சுவடி பார்ப்பவர் தயங்காமல் எழுதிவிடுவார். டி.என்.ஏவில் எல்லா எழுத்துக்கும் இப்படி எதுகை இருக்கிறது. ஓர் இழையில் எழுத்து அழிந்தால், என்ன அழிந்தது என்பதை எதிரிழை சொல்லிவிடும். இனி வரப்போகும் பழுதுபார்ப்பு முறைகள் பெரும்பாலும் இந்த ஒரே வசதியின்மேல் நிற்கின்றன.

சேதம் எங்கிருந்து வருகிறது

சேதம் என்றவுடன் அணுக்கதிரையும் வேதிக்கழிவையும் நினைப்பது இயல்பு. அவை சேதம் செய்வது உண்மையே. எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களின் சந்ததியில் மாற்றங்கள் பெருகுவதை ஹெர்மன் முல்லர் 1927-லேயே காட்டினார். கைப்பேசி அலை அந்த வகையைச் சேர்ந்ததன்று, டி.என்.ஏவின் வேதிப்பிணைப்பை அறுக்கும் அளவு ஆற்றல் அதற்கு இல்லை. ஆனால் மிகுதியான சேதம் வெளியிலிருந்து வருவதில்லை என்பதைத்தான் பலர் அறியமாட்டார்கள்.

ஆற்றங்கரைக்கே திரும்புவோம். கரையை உடைப்பது பெருவெள்ளம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். கரையோரத்து விவசாயிக்குத் தெரியும்: வெள்ளத்துக்குப் பல வாரங்கள் முன்னரே நண்டு துளைத்த வளைக்குள் அன்றாடம் புகுந்து மண்ணை அரித்த தண்ணீர்தான் கரையை உள்ளுக்குள் கொன்றிருக்கும். வயலை வாழவைக்கும் அதே தண்ணீர்தான் கரையையும் கரைக்கிறது. செல்லிலும் அப்படியே. செல்லின் பெரும்பகுதி நீர். அந்த நீரின் மூலக்கூறுகள் உடல் வெப்பநிலையில் டி.என்.ஏவோடு ஓயாமல் மோதிக்கொண்டிருப்பதால், மனிதச் செல் ஒன்றில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 எழுத்துகள் இழையிலிருந்து தாமாகவே கழன்று விழுகின்றன. இன்னும் நூற்றுக்கணக்கான சைட்டோசின்கள் நீரோடு வினைபுரிந்து வேறு எழுத்தாகத் திரிகின்றன. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை எரித்து ஆற்றல் எடுக்கும்போது வெளிப்படும் துணைப்பொருள்களும் தம் பங்குக்கு எழுத்துகளைக் கருக்குகின்றன. வீட்டைவிட்டு வெளியே வராமல், பத்தியச் சோறு மட்டும் உண்டு வாழ்பவருக்கும் இது நடக்கும்.

சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால் இதை அளந்து காட்டும்வரை, டி.என்.ஏ மிக உறுதியான மூலக்கூறு என்பதே அறிவியலாளர்களின் பொதுவான எண்ணமாக இருந்தது. அவர் அளந்த வேகத்தில் எழுத்துகள் கழன்றுகொண்டே போனால் உயிர்கள் இத்தனை காலம் நிலைத்திருக்க வழியில்லை. ஆகவே இழந்ததை ஈடுசெய்யும் ஏற்பாடு ஒன்று செல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்து, அதைத் தேடத் தொடங்கினார்.

இதுவரை பார்த்தது: டி.என்.ஏ எதுகையால் பிணைந்த இரட்டை இழை. அதன் சேதத்தில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே, நீராலும் ஆக்சிஜனாலும், இடைவிடாமல் நடக்கிறது.

சேதம் வேறு, சடுதிமாற்றம் வேறு

பேச்சில் அதிகமாகக் குழம்பும் இடம் இது. அதனால் பழுதுபார்ப்புக்குள் நுழையும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலையில் பூச்சி துளைத்திருந்தால் துளை கண்ணுக்குத் தெரியும். அது சேதம். படியெடுத்தவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்து வேறொன்றை எழுதிவிட்டால், புதிய ஓலையில் துளை இருக்காது. எழுத்து திருத்தமாக இருக்கும். பொருள் மட்டும் மாறியிருக்கும். அந்த ஓலையை மட்டும் கையில் வைத்திருப்பவருக்குப் பிழை நடந்ததே தெரியாது. டி.என்.ஏவில் இப்படி நிலைத்துவிட்ட எழுத்து மாற்றத்துக்குச் சடுதிமாற்றம் என்று பெயர்.

சேதத்தைப் பழுதுபார்க்கும் புரதங்கள் கண்டுகொள்ளும்; சடுதிமாற்றத்தைக் கண்டுகொள்ளா. இரண்டு இழைகளிலும் எழுத்து ஒழுங்காக இணைசேர்ந்துவிட்ட பிறகு, முன்பு வேறு எழுத்து இருந்தது என்று சொல்ல அந்த இடத்தில் எந்தத் தடயமும் இல்லை. ஆகவே பழுதுபார்ப்பு என்பது காலத்தோடு நடக்கும் பந்தயம்: செல் இரண்டாகப் பிரிவதற்காக டி.என்.ஏவைப் படியெடுக்கும் முன், சேதத்தைச் சரிசெய்தாக வேண்டும். "டி.என்.ஏவைச் சரிசெய்யும்" என்று விற்கப்படும் சாறுகளும் மாத்திரைகளும் பழைய சடுதிமாற்றத்தை மாற்றி எழுதிவிடும் என்று நம்புவோர், செல்லாலேயே முடியாத ஒன்றை ஒரு குப்பியிடம் எதிர்பார்க்கிறார்கள். நோய்க்கு அஞ்சியவர்களின் சேமிப்பு இதில் கரைவதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

இருக்கக் கூடாத எழுத்து

இப்போது வேலையாட்களிடம் வருவோம். மேலே சொன்ன சைட்டோசின் நீரோடு வினைபுரிந்தால் யுராசில் என்ற எழுத்தாகத் திரிகிறது. யுராசில் செல்லுக்கு அந்நியமானதன்று. டி.என்.ஏவிலிருந்து அன்றாட வேலைக்காகச் செல் எடுத்துக்கொள்ளும் தற்காலிகப் படிக்கு ஆர்.என்.ஏ என்று பெயர். அதில் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில்தான் இருக்கும். யுராசில், தைமின் இரண்டும் அடினைனோடு இணைசேரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது: யுராசிலின்மேல் மெத்தில் என்ற ஒரு சிறு கார்பன் தொகுதியை ஒட்டினால் அதுவே தைமின்.

அப்படியானால் டி.என்.ஏவில் மட்டும் தைமினைப் பயன்படுத்தச் செல் ஏன் கூடுதல் உழைப்பைச் செலவிடுகிறது? இந்தக் கேள்விக்கான விடை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. "க" என்று எழுதியிருந்தால் அது "க"வா "க்"கா என்று படிப்பவர் இடம் நோக்கி ஊகிக்க வேண்டும். தைமினின்மேல் இருக்கும் மெத்தில் தொகுதி அந்தப் புள்ளியைப் போன்றது. டி.என்.ஏவில் யுராசிலும் முறையான எழுத்தாக இருந்திருந்தால், ஒரு யுராசிலைக் காணும்போது, அது முதலிலிருந்தே அங்கே இருந்ததா, சைட்டோசின் திரிந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. புள்ளி வைத்த தைமின் மட்டுமே முறையான எழுத்து என்று ஆகிவிட்டதால், டி.என்.ஏவுக்குள் காணப்படும் யுராசில் எதுவாயினும் அது பிழை, தயங்காமல் நீக்கலாம்.

லிண்டால் 1974-இல் கண்டறிந்த நொதி இந்த வேலையைத்தான் செய்கிறது. யுராசில் டி.என்.ஏ கிளைகோசிலேஸ் என்பது அதன் பெயர். அது இழையின்மேல் ஊர்ந்து சென்று, ஐயம் எழும் எழுத்தை முறுக்கிலிருந்து வெளியே பிதுக்கி, தன் உடலில் உள்ள ஒரு குழியில் பொருத்திப் பார்க்கிறது. அந்தக் குழியில் யுராசில் கச்சிதமாகப் பொருந்தும். தைமின் தன் மெத்தில் தொகுதியின் காரணமாகப் பொருந்தாது. பொருந்தியதைக் கிள்ளி எறிகிறது. காலியான இடத்தில் மற்றொரு நொதி இழையை வெட்டுகிறது. பாலிமரேஸ் என்ற படியெடுக்கும் நொதி, எதிரிழையின் எதுகையைப் பார்த்து, உரிய எழுத்தை வைக்கிறது. லைகேஸ் என்ற ஒட்டும் நொதி இழையை மூடுகிறது. கரை அடைப்பவர் இளகிய மண்ணைக் கெட்டித்தரை தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுமண் போட்டு மிதிப்பதைப் போல, வெட்டுதல், அகற்றுதல், நிரப்புதல், ஒட்டுதல் என்ற இந்த வரிசை மற்ற முறைகளிலும் வெவ்வேறு உருவில் திரும்ப வரும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு நொதிகள் ஆக்சிஜனால் கருகிய குவானைனையும் பிற சிறு திரிபுகளையும் நீக்குகின்றன. ஒரு நொதியின் நடத்தை மட்டும் இவற்றிலிருந்து வேறுபட்டது. புகையிலையில் உள்ள சில நச்சுகள் குவானைனின்மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிடுகின்றன. மெத்தில் குவானைன் மெத்தில் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற புரதம் அந்தத் தொகுதியைப் பிடுங்கித் தன்மேல் நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு, அத்தோடு செயலற்றுப்போகிறது. ஒரு சேதத்துக்கு ஒரு புரதம் என்பது கணக்கு. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையோடு புகையிலையையும் நாளெல்லாம் வாயில் அடக்கி வைத்திருப்பவர், இந்தப் புரதம் புதிதாக உண்டாகும் வேகத்தைவிட அதிக வேகத்தில் அதைச் செலவழித்துவிட வாய்ப்புண்டு. பாக்கும் தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்குவது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நடவு வயலின் வெயில்

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வேறுவகைச் சேதம் செய்கிறது. ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தைமின்கள் இருந்தால், அந்தக் கதிர் பட்டு அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எதிரிழையோடு கைகோத்திருக்க வேண்டியவை தமக்குள் பின்னிக்கொள்வதால், இழை அந்த இடத்தில் வளைந்து புடைக்கிறது. நண்பகல் வெயிலில் குனிந்து நாற்று நடும் பெண்களின் கழுத்திலும் கையிலும் உள்ள தோல் செல்களில் இது பெருமளவில் நடந்துகொண்டிருக்கும். தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி, தோல் செல்லுக்குள் உட்கருவின் மேற்புறம் ஒரு குடையைப் போல் குவிந்து நின்று, கதிரின் ஒரு பகுதியைத் தடுக்கிறது. நம் நிறம் நமக்குச் செய்யும் இந்த உதவியைச் சிவப்பழகுக் களிம்பு விளம்பரங்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு.

குடையைத் தாண்டி உள்ளே வந்த கதிர் செய்த சேதத்தை ஓர் எழுத்தைக் கிள்ளிச் சரிசெய்ய முடியாது. இங்கே வேலை ஒரு குழுவாக நடக்கிறது. ஒரு புரதம் புடைப்பை உணர்கிறது. அடுத்தவை இரண்டு இழைகளையும் அந்த இடத்தில் பிரித்து விரிக்கின்றன. இரண்டு வெட்டும் நொதிகள் சேதத்தின் இருபுறமும் வெட்டி, சுமார் 30 எழுத்து நீளமுள்ள துண்டை அப்படியே எடுத்துவிடுகின்றன. பிறகு பாலிமரேஸ் நிரப்ப, லைகேஸ் ஒட்டுகிறது. துருக்கியில் பிறந்து, மருத்துவராகப் பணியாற்றிப் பின் ஆய்வுக்கு வந்த அசீஸ் சங்கார் இந்த வெட்டின் நுணுக்கத்தை வெளிக்கொணர்ந்தவர். ஈரத்தில் வைத்த நிலக்கடலையில் வளரும் பூசணத்தின் நஞ்சான அஃப்ளாடாக்சின் டி.என்.ஏவில் ஒட்டிக்கொண்டாலும் இந்தக் குழுதான் வந்து நீக்குகிறது. எந்த இடத்துக்கு முதலில் வருவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. செல் அப்போது படித்துக்கொண்டிருக்கும் மரபணுவில் சேதம் இருந்தால், படிக்கும் நொதி அங்கே முட்டி நின்றுவிடும். அந்த நிற்பே அழைப்பாகி, அந்த இடம் முதலில் சரிசெய்யப்படும். தண்ணீர் ஓடும் வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டால் கடைமடைக்காரர் உடனே மேலே வந்து பார்ப்பார். வறண்டு கிடக்கும் வாய்க்காலை யாரும் அவசரமாகத் தேடிப் போவதில்லை.

அந்தப் பெண்கள் நடும் நாற்றுக்கு இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. நெல்லில் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி உண்டு. அது ஒட்டிக்கொண்ட இரண்டு தைமின்களின்மேல் அமர்ந்து, வெயிலில் உள்ள நீல ஒளியின் ஆற்றலை வாங்கி, அந்தப் பிணைப்பை நேரடியாகப் பிரித்துவிடும். வெட்டவும் வேண்டாம், நிரப்பவும் வேண்டாம். சேதம் செய்த வெயிலே பழுதுபார்ப்புக்கும் ஆற்றல் தருகிறது. பாக்டீரியா, செடிகொடிகள், மீன், தவளை எனப் பலவற்றிடம் இந்த நொதி இருக்க, மனிதன் உள்ளிட்ட நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் அதைப் பரிணாமத்தில் இழந்துவிட்டன. நாள் முழுவதும் நிழலுக்கு நகர முடியாத நெல்லிடம் அது இருப்பதும் நம்மிடம் இல்லாததும் பொருத்தமாகவே படுகிறது.

படியெடுக்கும்போது விழும் பிழை

செல் பிரியும் முன் 600 கோடி எழுத்து இணைகளையும் படியெடுத்தாக வேண்டும். பாலிமரேஸ் ஏறக்குறைய 1 இலட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறான எழுத்தை வைக்கிறது. வைத்தவுடன் தானே திரும்பிப் பார்த்துப் பெரும்பாலானவற்றைத் திருத்திக்கொள்வதால், பிழை 1 கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. அதுவும் போதாது, 600 கோடியில் அப்படியும் நூற்றுக்கணக்கான பிழைகள் மிஞ்சும்.

இங்கே பொருந்தா இணை திருத்தம் என்ற முறை வருகிறது. இணைசேராத இரண்டு எழுத்துகள் எதிரெதிரே இருப்பதை ஒரு புரத இணை கண்டுபிடிக்கிறது. ஆனால் அடினைனுக்கு எதிரே சைட்டோசின் இருந்தால், இரண்டில் எது பிழை? தவறான பக்கத்தைத் திருத்திவிட்டால் பிழையே நிலைத்துவிடும். புதிய இழை எது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். ஈ.கோலை பாக்டீரியாவில் இதற்கான விடையைப் பால் மோட்ரிச் கண்டார். ஓலையில் எழுத்தாணியால் கீறிய பிறகுதான் மை தடவுவார்கள். மை ஏறாத ஓலை புதிதாக எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். அதுபோல அந்தப் பாக்டீரியா தன் டி.என்.ஏவில் சில இடங்களில் மெத்தில் அடையாளம் இடுகிறது. படியெடுத்து முடித்தவுடன் சிறிது நேரத்துக்குப் பழைய இழையில் மட்டுமே அடையாளம் இருக்கும். அடையாளம் இல்லாத இழையை வெட்டி, பிழையைத் தாண்டும்வரை உரித்து, மீண்டும் எழுதிவிடுகிறது. மனிதச் செல்லில் இந்த அடையாளத்துக்குப் பதிலாக, புதிய இழையில் இன்னும் ஒட்டப்படாமல் இருக்கும் சிறு வெட்டுகள் வழிகாட்டுகின்றன. இந்தத் திருத்தத்துக்குப் பின் பிழை ஏறக்குறைய 100 கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

விதை நெல்லுக்கு வயல் விட்டவர்கள் கலவன் பிடுங்கும் பருவத்தை அறிவார்கள். வேறு ரகத்துச் செடி தனித்துத் தெரியும்போதே பிடுங்கிவிட வேண்டும்; அறுத்து அடித்த பிறகு அது விதையோடு விதையாகக் கலந்துவிடும். பொருந்தா இணைக்கும் அப்படி ஒரு பருவம்தான் இருக்கிறது. அடுத்த படியெடுப்பு நடந்துவிட்டால் பிழை எழுத்துக்கும் ஓர் இணை கிடைத்துவிடும்.

இதுவரை மூன்று முறைகள்: ஒற்றை எழுத்தைக் கிள்ளி மாற்றுதல், புடைத்த துண்டை வெட்டி மாற்றுதல், படியெடுப்புப் பிழையைத் திருத்துதல். மூன்றிலும் எதிரிழை பத்திரமாக இருந்தது. லிண்டால், மோட்ரிச், சங்கார் மூவருக்கும் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவற்றுக்காக வழங்கப்பட்டது.

இரண்டு இழையும் அறுந்தால்

எக்ஸ் கதிர் போன்றவை இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் அறுத்துவிடும். அப்போது பார்த்து எழுத எதுகை இல்லை. இதுதான் செல்லுக்கு மிக ஆபத்தான சேதம்; ஏனெனில் குரோமோசோமே இரண்டு துண்டாகிவிட்டது. துண்டுகள் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு மரபணுவின் தலையும் மற்றொன்றின் வாலும் சேர்ந்துவிடலாம்.

செல் இரண்டு வழிகளைக் கையாளுகிறது. முதல் வழி அவசர வழி. நள்ளிரவில் கரை உடைந்தால் கிடைத்த மணல் மூட்டையையும் சவுக்குக் கட்டையையும் போட்டு அடைக்கிறோம், அழகு பார்ப்பதில்லை. கூ என்ற வளைய வடிவப் புரதம் அறுந்த முனைகளில் மோதிரம் போல் மாட்டிக்கொண்டு, இரு முனைகளையும் அருகே கொண்டுவர, லைகேஸ் ஒட்டிவிடுகிறது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் தொலைந்துபோகலாம். ஆனால் குரோமோசோம் தப்பும்.

இரண்டாவது வழி நிதானமானது. டி.என்.ஏ படியெடுக்கப்பட்டு, செல் இன்னும் பிரியாத நேரத்தில், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அச்சு அசலான இரட்டை பக்கத்திலேயே இருக்கும். அறுந்த முனையிலிருந்து ஓர் இழையைச் சிறிது தூரம் உரித்து, மற்ற இழையின்மேல் ராட்51 என்ற புரதத்தை வரிசையாக அடுக்குகிறார்கள் இந்தப் பணியாளர்கள். அந்தப் புரதம் போர்த்திய இழை இரட்டைக் குரோமோசோமுக்குள் நுழைந்து, தனக்கு ஒத்த பகுதியைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்து விட்டுப்போன எழுத்துகளை எழுதிக்கொள்கிறது. ஒரு சுவடி சிதைந்தால் மற்றொரு பிரதியைத் தேடிப் போவதற்கு ஒப்பானது இது. ராட்51-ஐ இழையில் ஏற்றிவைப்பது பி.ஆர்.சி.ஏ 2 என்ற புரதம். இந்த வழியைத் தொடங்கிவைப்பதில் பி.ஆர்.சி.ஏ 1 துணைநிற்கிறது. பெயர்கள் பலருக்குப் பழக்கமாக இருக்கும், சற்றுப் பொறுங்கள்.

மதகை இறக்குதல்

கரை உடைந்தால் உடைப்பை அடைக்க ஓடும் முன் ஒருவர் மேலே ஓடி மதகை இறக்க வேண்டும். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது போடும் மண் நிற்காது. செல்லில் ஏ.டி.எம். என்ற புரதம் இழை அறுந்ததை உணர்ந்து செய்தி அனுப்ப, பி53 என்ற புரதம் திரண்டு, செல் பிரிவதை நிறுத்திவைக்கிறது. பழுதுபார்ப்பு முடிந்தால் பிரிதல் தொடரும். சேதம் மிதமிஞ்சிப் போயிருந்தால், பி53 அந்தச் செல்லைத் திட்டமிட்ட முறையில் இறந்துபோகச் செய்கிறது. ஒரு செல்லை இழப்பது உடலுக்குப் பெரிதன்று. பிழை நிறைந்த செல் பெருகுவதுதான் பெரிது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53-இன் மரபணு கெட்டிருக்கிறது. யானைக்கு இந்த மரபணுவின் படிகள் சுமார் 20 இருக்கின்றன. அத்தனை பெரிய உடலில் அத்தனை செல்கள் இருந்தும் புற்றுநோய் குறைவாக வருவதற்கு அது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

காவலர்களின் குறிப்பே கெட்டுப்போனால்

பழுதுபார்க்கும் புரதங்களைச் செய்வதற்கான குறிப்பும் அதே டி.என்.ஏவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பில் பிழையோடு சிலர் பிறக்கிறார்கள். புடைப்பை வெட்டும் குழுவில் ஒரு புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய். சிறிது வெயிலும் அவர்கள் தோலைப் புண்ணாக்கி, இளமையிலேயே தோல் புற்றுநோயைக் கொண்டுவரும். அவர்களுடைய செல்களில் பழுதுபார்ப்பு நடக்காததை ஜேம்ஸ் கிளீவர் 1968-இல் காட்டினார். பொருந்தா இணையைத் திருத்தும் புரதங்களில் ஒன்று கெட்டால், பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகும்.

பி.ஆர்.சி.ஏ மரபணுக்கள் இரண்டில் ஒன்று பழுதாகப் பிறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சூலகப் புற்றுநோயின் வாய்ப்பும் கூடுதல். இந்தச் செய்தி நம் ஊர்களில் பாதியாகப் பரவி, "அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்காதே" என்ற பேச்சாக முடிவதை நான் கேட்டிருக்கிறேன். முழுச் செய்தி இது: மார்பகப் புற்றுநோயாளிகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு மட்டுமே பரம்பரையாக வந்த இத்தகைய பழுது காரணம். அந்தப் பழுது தாயிடமிருந்து வருவதைப் போலவே தந்தையிடமிருந்தும் வரும். மகன்களும் அதைச் சுமப்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு. வராமலே போவதற்கும் அதே பாதி. பழுதைச் சுமப்பவருக்கும் ஒவ்வொரு செல்லிலும் நல்ல படி ஒன்று மீதம் இருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. ஏதேனும் ஒரு செல்லில் அந்த இரண்டாவது படியும் கெடும்போதுதான் அந்தச் செல் காவலை இழக்கிறது. இதை அறிந்த பெண் உரிய வயதில் பரிசோதனையைத் தொடங்கிக் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம். மறைத்து வைக்கும் குடும்பத்தில் அந்த வாய்ப்பு அவளுக்குக் கிடைப்பதில்லை.

காவலை இழந்த செல்லின் அந்தக் குறையே இப்போது மருந்துக்கு வழியாகியிருக்கிறது. பார்ப் என்ற புரதம் ஒற்றை இழையில் விழும் வெட்டுகளைக் கண்டு, ஒட்டுவதற்கு ஆள் அழைக்கும். அதை ஒரு மருந்தால் முடக்கினால், ஒட்டப்படாத வெட்டுகள் படியெடுப்பின்போது இரட்டை அறுப்பாக மாறுகின்றன. நலமான செல் பி.ஆர்.சி.ஏ புரதங்களின் துணையோடு, பக்கத்தில் உள்ள இரட்டையைப் பார்த்து அவற்றைச் சரிசெய்துகொள்ளும். இரண்டு படிகளையும் இழந்த புற்றுச் செல்லுக்கு அந்த வழி மூடிவிட்டது. அறுப்புகள் குவிந்து அது மடிகிறது. 2005-இல் ஆய்வகத்தில் இது காட்டப்பட்டு, 2014-இல் ஓலபாரிப் என்ற முதல் மருந்து சூலகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. ஆனால் சில கட்டிகளில், கெட்டுப்போன பி.ஆர்.சி.ஏ மரபணுவிலேயே மேலும் ஒரு சடுதிமாற்றம் விழுந்து, குலைந்திருந்த குறிப்பு மறுபடியும் படிக்கத்தக்கதாகிவிடுகிறது. அந்தச் செல்களுக்குப் பழுதுபார்க்கும் திறன் திரும்பிவிடுவதால், மருந்து அவற்றிடம் பலிப்பதில்லை.